ஓரகத்தியின் வலக்கை

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் நின்ற அந்தப் பெண்ணை நானும் என் ஓரகத்தியும் சேர்ந்துதான் பார்த்தோம். அறுபதுகளின் கடைசி. அமாவாசைக்குத் திருவள்ளூர் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பியிருந்தோம். வீட்டு மாட்டு வண்டி வரத் தாமதமானதால் நடைமேடையிலேயே உட்கார்ந்திருந்தோம். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி, வந்த ரயில்களையெல்லாம் போகவிட்டபடி தூணோரம் நின்றாள். அழவில்லை, யாரையும் தேடவுமில்லை. அவளிடம் ஒரு நாவல் இருக்கிறது என்று அப்போதே என் மனத்தில் தோன்றிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். கதை என்பது அம்மன் வந்து இறங்குவதுபோலத் தானாக வரவேண்டும் என்று நம்பியிருந்தேன். வீட்டின் மூத்த மருமகளாக நெல் அவித்துக்கொண்டும் களத்துமேட்டுக்குச் சோறு அனுப்பிக்கொண்டும் அதற்காகக் காத்திருந்தேன். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த இளையவள் காத்திருக்கவில்லை. சில நாள் கழித்து அம்மிக்கல்லருகே என்னிடம் கேட்டாள்: “அக்கா, அன்னிக்கி அவ கையில பை இருந்துச்சா?”

“கவனிக்கல. இன்னாத்துக்கு?”

“பை இருந்தா ஊர வுட்டுப் போறா. இல்லன்னா யாருக்கோ காத்துக்கினு கீறா. ரெண்டும் வேற வேற கதைக்கா.”

அந்தப் பையைப் பற்றியே ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பை வேண்டாம், இடுப்பில் சாவிக்கொத்து போதும் என்று முடிவு செய்தாள். சோறு வடித்து இறக்கியதும் நெற்குதிரின் பக்கத்தில் பலகையை மடியில் வைத்து எழுத உட்காருவாள். மாமியார் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டாள். அந்தக் கதையைச் சென்னையிலுள்ள ஒரு வாரப் பத்திரிகை தொடர்கதையாக வெளியிட்டது. வாராவாரம் என் கணவரே அதை வாங்கிவந்து, “நம்ம ஊட்டுப் பொண்ணு” என்று உரக்கப் படிப்பார். எனக்கு வயிறு எரியும். அவளுக்குக் கலைமகள் அள்ளிக் கொடுத்துவிட்டாள், எனக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

தொடர் பாதியில் நிற்கும்போது ஐப்பசி மழையில் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தாள். வலது கை முறிந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் என்னிடம்தான் கேட்டாள்: “நான் சொல்லச் சொல்ல எழுதுறியாக்கா? உன் கையெழுத்து நல்லாக்கீது.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊற்று பீறிடப் போகிறது என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒரு வரி சொன்னாள். கொஞ்ச நேரத்தில், “அந்த வரிய அடிச்சிடுக்கா” என்றாள். மறுநாளும் அப்படித்தான்.

பொறுக்காமல் கேட்டேன்: “வரலன்னா எழுந்து போயேன். இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு கீற?”

“எனக்கு என்னிக்கித்தான் வந்துக்கீது?” என்று சாதாரணமாகச் சொன்னாள். “நான் இங்க இல்லாத நேரத்துல வந்துட்டா? அதான் ஒக்காந்துக்கினு கீறேன்.”

அன்றைக்கு என்னிடமிருந்த ஆறுதலும் போயிற்று. வரம் என்றால் கொடுக்காத தெய்வத்தைக் குறை சொல்லலாம். பிடிவாதத்துக்கு யாரைக் குறை சொல்வது? அதே வீடு, அதே அடுப்பு, அதே மாமியார். அவள் உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கலாம். முன்பைவிடப் பொறாமை இப்போதுதான் அதிகமாகச் சுட்டது.

கட்டுப் பிரித்ததும் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். குதிரின் மறுபக்கத்தில் எனக்கென்று ஒரு பலகையை மடியில் வைத்து நானும் எழுத உட்கார்ந்தேன். அவளை ஜெயிப்பதற்காகத்தான், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. எழுபதுகளின் நடுவில் என் சிறுகதை ஒன்று அதே பத்திரிகையில் வந்தது. அவளிடம் நீட்டிவிட்டு எதிரிலேயே நின்றேன். அவள் படிக்கப் படிக்க, எங்காவது உதடு சுழிகிறதா, கண் சுருங்குகிறதா என்று தேடினேன். ஒரு நொடி பொறாமைப்பட்டாலே போதும் என்றிருந்தது.

படித்து முடித்தவள் மறுபடி முதல் வரிக்குப் போனாள். “இத்த எப்படிக்கா யோசிச்ச?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த முகத்தின்மேல்தான் எனக்குப் பொறாமை.