என் கடவுத் தண்ணீரின் நீலம்

துணிக்கு நீலம் போட வாளியில் கை விடும்போதெல்லாம் அந்தக் குப்பி ஞாபகத்துக்கு வரும். விரல் நீளந்தான் இருக்கும். கொண்டுவந்தவள் தண்ணீர் சோதிக்கிற ஆபீஸ் மேடம். என் மகளைவிடச் சின்னவள்.

காயலோரத்து எங்கள் வரிசையில் என் தொழுவத்தைப் போல ஒன்றை யாரும் காட்ட முடியாது. நாஞ்சில் நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாள்முதல் விடியுமுன்னே வாளி வாளியாய் ஊற்றிக் கழுவிவிடுவேன். வாசலில் நின்றால் பால் மணந்தான் வரும், சாணி வாடை வராது. "அம்மச்சி, தொழுவம் கழுவுற வெள்ளம் எங்கே போகுது?" என்று மேடம் கேட்டாள். "ஒரு சொட்டு முற்றத்தில் நிற்காது, நேரே காயலுக்கு" என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

காயலில் இறங்குவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு கடவு உண்டு. ஒவ்வொரு கடவிலும் அவள் தண்ணீர் மொண்டு, குப்பியில் ஊற்றி, மேலே வீட்டுப் பேர் எழுதி, மருந்து விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் குப்பி வெளுத்தே இருந்தது. என்னுடையது, நீலம் முக்கின வேட்டியைப் பிழிந்த மாதிரி அப்படியொரு நிறம். மேடம் கையிலிருந்த அட்டையில் வெளிர்நீலத்திலிருந்து கருநீலம்வரை கட்டங்கள். அடியில் எழுதியிருந்ததை வாசிக்க எனக்குத் தெரியாது, கேட்கவும் மனசு வரவில்லை. நீலம் போட்டால் வெளுப்பு, வெளுப்பென்றால் சுத்தம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எங்களுக்கு மட்டும் ஏன்க்கா நிறமே வரல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீ சாணியைக் குவிச்சு வாழைக்குப் போடுறவ. பின்னே எப்படி நிறம் வரும்? தினமும் கழுவி விடணும்டீ."

மேடம் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பெட்டியை மூடினாள். பால் கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் நான் என் குப்பியின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலமே வாசகசாலையில் கூட்டம். குழாயில் நாங்கள் குடிப்பதும் உப்புக் கரிக்காத இந்தக் காயல் தண்ணீர்தான். அது எவ்வளவு அழுக்குத் தாங்கும் என்று எல்லை வைக்கப்போகிறோம் என்றாள் மேடம். சாணியிலும் உரத்திலும் உள்ள சத்து கலந்த தண்ணீர்தான் மருந்து பட்டால் நீலமாகுமாம். சத்து கூடினால் பாசி படரும், ஆகாயத்தாமரை மூடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். அட்டையில் வெளிறிய கட்டம் ஒன்றைத் தொட்டு, "இதுக்கு மேலே போகக்கூடாது" என்றாள். பிறகு குப்பிகளை வரிசையாக எடுத்துவைத்தாள். ஒன்றிலும் வீட்டுப் பேர் இல்லை. யாரையும் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று எல்லாப் பேரையும் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். கருநீலமாயிருந்த கடைசிக் குப்பியை வைத்ததும் கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது என் தொழுவத்துத் தண்ணீர் குழியில் இறங்கித் தென்னைக்குப் போகிறது. வேறொரு மேடம் வருகிறாள்; என் குப்பியும் வெளிறித்தான் இருக்கிறது. "அக்கா, நிறம் போச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள். அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தச் சின்னவள் என் மானத்தைக் காக்கப் பேரைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது, நான் வீடு வீடாய்ப் போய் அதை எழுதிக்கொண்டிருந்தேனே. நினைத்தால், நீலத் தண்ணீருக்குள் கை அப்படியே நின்றுவிடுகிறது.