பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் எனக்கு ஒரே வேலைதான். மருத்துவமனைகளுக்குப் போகும் ரப்பர் கையுறையில் காற்றை நிரப்பி, விளக்குக்கு முன்னால் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் வெள்ளை விரல்கள் அசைந்துகொண்டிருக்கும். அந்த வேலையை நான் விரும்பினேன் என்றால் பொய். ஆனால் அதில் நான் கெட்டிக்காரி.

கேமரா வைத்த இயந்திரம் வந்தபோது, அதைப் பழக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். காம்பாரிலிருந்து வந்த பொறியாளர், ஒரு தமிழ்ப் பெண், இரண்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் படம் வரும். நல்லதா கெட்டதா என்று நான் பொத்தானை அழுத்துவேன். ஒரு நாள் ஒரு படத்தை நிறுத்தி, "இதுல ஒண்ணுமே தெரியலயேக்கா, எப்படி கெட்டதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"பாத்தா தெரியுதுலா."

"என்ன தெரியுது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கே சொல்லத் தெரியாததை ஓர் இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்று நினைத்தேன்.

கற்றுக்கொண்டது. நான் நல்லது என்று விட்ட கையுறை ஒன்றை அது ஒரு நாள் தள்ளிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு இருவரும் நின்று பார்த்தோம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் இடுக்கில் ஒரு துளி கசிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், ஈரமே ஆகாத மேசையைத் துடைத்தாள்.

சில மாதங்களில் எங்கள் வரிசை முழுவதற்கும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறார். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்லதுலா, கண்ணாச்சும் தப்பிச்சிச்சு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

தூங்கித் தீர்க்கலாம் என்று நினைத்திருந்தேன். விடிவதற்குள் விழிப்பு வந்துவிடும். தட்டில் கீறல் தேடினேன். மகளின் பள்ளிச் சட்டையில் தையல் பிசகைத் தேடினேன். அவள், "அம்மா, என்னைய செக் பண்ணாதீங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. பிழை கண்டுபிடிப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரும் அக்காதான், டவுனில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவிக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். போய்ச் சேர்ந்தேன். ரத்தத்தைச் சுத்தம் செய்வதெல்லாம் இயந்திரம். நாற்காலி துடைப்பது, போர்வை கொடுப்பது, எடை பார்ப்பது என் வேலை. முடிவில் நர்ஸ் ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குக் கவ்வி இருக்கிறது. சிலருக்கு அது தோலைக் கன்றவைத்துவிடும், அதனால் கையால் பிடிப்போம். முதல் நாள் விரலைப் பார்த்தபடியே பிடித்திருந்தேன். விரலுக்கடியில் ஒருவருடைய ரத்தம் துடிப்பதை அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

அப்படிப் பிடிக்க வேண்டியவர்களில் ஒருவர், லாரி ஓட்டி ஓய்ந்த அண்ணன். தனியாக இருப்பவர், சிடுசிடுப்பானவர். அந்தப் பத்து நிமிடமும் டிவியைத்தான் பார்ப்பார். ஒரு வாரம் இரண்டு முறை அவர் வரவில்லை. நிலையத்துக் கணினி தானாகவே செய்தி அனுப்பியிருந்தது. பதில் இல்லை. என்னைக் கூப்பிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானே நர்சிடம் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

"போதும்மா. அலுத்துப் போச்சி" என்றார்.

மருத்துவர் சொல்வதையெல்லாம் அவர் கேட்டிருப்பார். "அண்ணே, ஒங்க நாற்காலி ரெண்டு தடவையா காலியா கெடக்கு. எனக்குப் பாக்கவே பிடிக்கல. வாங்கண்ணே" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். உடம்பில் நீர் சேர்ந்து கால் வீங்கியிருந்தது. நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். எனக்கு அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை.

பெரிதாக எதையோ செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு ஓர் இயந்திரமே இதைவிடக் கனிவான குரலில் கூப்பிடலாம், அவர் அதற்கும் வரலாம். என் கண்ணைவிட நல்ல கண் வந்ததைப் பார்த்தவள்தானே நான். ஆனாலும் அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. எதிர்க்கடையில் ஒரு ரொட்டி சானாய் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன்.

அவர் இப்போது செவ்வாய், வியாழன், சனி தவறாமல் வருகிறார். போர்வை மெல்லிசு, ஏர்கோன் குளிர் அதிகம் என்று குறை சொல்கிறார். நான் இரண்டாவது போர்வையை முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன்.