நராம்தனி ரம்பத்தைப் பிடுங்கிய நாள்

சிப்பார் நகரத்தில் ஷமாஷுக்கு நேர்ந்துவிட்ட பெண்கள் நாங்கள். எங்கள் சாமி சூரியன். ஆனால் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாத இந்த மடத்து மதிலுக்குள் அவரை நாங்கள் பார்ப்பது முற்றத்தில் விழும் ஒரு துண்டு வெயிலில்தான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? நியாயம் கேட்கும் சாமியும் அவரேதான்.

மடத்துக்குள் எனக்கு அடுத்த வீட்டு நராம்தனியை அவள் அப்பா சிறுமியாக இருக்கும்போதே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். நேர்ந்துவிட்டவள் பிள்ளை பெறக்கூடாது. இவள் பெற்றாள். வயிற்றில் கட்டி என்று சொல்லி ஒரு மழைக்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறந்த பெண்குழந்தை, வெளியே கட்டிக்கொடுத்திருந்த தங்கை லமாசியின் வீட்டுக்குப் போய் அவள் மகளாகிவிட்டது. எங்கள் சந்துக்கே தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ரீஷாத் என்று பெயர் வைத்தார்கள். திருநாள் வந்தால் பேரீச்சம்பழத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். சந்து முனையிலேயே "பெரியம்மா!" என்று கத்துவாள். பேன் பார்க்கிற சாக்கில் நராம்தனி அவளை மடியில் போட்டுக்கொள்வாள். பேனாவது ஒன்றாவது! பொழுது சாயும்வரை விடமாட்டாள்.

லமாசியின் புருஷன் செத்தான். வந்தது வினை. வீட்டின் மேல் கண் வைத்த அவன் தம்பி இப்குஷா நியாயாதிபதிகளிடம் போய் நின்றான். "அந்தக் குட்டி எங்க அண்ணன் ரத்தமே இல்லைங்க. மடத்துக்காரி பெத்தது. துரத்தி விடுங்க."

மடத்து வாசலுக்கு ஷமாஷின் ரம்பம் வரட்டும், நராம்தனி அதைப் பீடத்திலிருந்து பிடுங்கி, தான் பிள்ளை பெறவில்லை என்று சத்தியம் செய்யட்டும் என்றார்கள் அவர்கள். எங்கள் சாமி தீர்ப்பை அறுக்கிற வெண்கல ரம்பம் அது. அதைப் பிடுங்கியவள் சொல்லவேண்டிய வாசகம் ஒன்றே ஒன்று: பொய்யானால் என் வித்து அழியட்டும்.

நராம்தனி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அக்கா, மாட்டேன்னு சொன்னா புள்ள தெருவுக்குப் போயிடுவா. சத்தியம் பண்ணினா புள்ளையே போயிடுவா. நான் எந்தப் பக்கம் போறது?"

"கொண்டுவந்து விட்டாரே உங்கப்பா, அவரைக் கேளு" என்றேன். எனக்கு அந்த மனுஷன் மேல் வயிற்றெரிச்சல், வேறென்ன சொல்ல?

மறுநாள் வாசலில் நல்ல கூட்டம். லமாசியின் கையைப் பிடித்துக்கொண்டு ரீஷாத்தும் நின்றாள். நராம்தனி பீடத்திலிருந்த ரம்பத்தின் பிடியைப் பற்றி அசைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, கை நடுங்குது?" என்றான் இப்குஷா.

"வெண்கலம் கனக்குதுடா. நீ என்னைக்காவது சாமியைத் தூக்கியிருந்தாத்தானே உனக்குத் தெரியும்!"

கூட்டம் சிரித்தது. பூசாரி வாசகத்தை எடுத்துக்கொடுத்தார். நராம்தனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பூசாரி ஐயா, பெறாதவ வித்து மேல சத்தியம் பண்ணி என்ன பிரயோசனம்? இல்லாததைப் பணயம் வெச்சா ஷமாஷ் சிரிக்க மாட்டாரா? இருக்கிறது மேல பண்றேன். என் கண்ணு மேல."

நியாயாதிபதிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அடி கெட்டிக்காரி!

"நான் புள்ள பெறலை. பொய்யின்னா என் கண்ணுலேருந்து உன் வெளிச்சத்தை எடுத்துக்கோ!" என்று அந்தப் பிள்ளையின் காதுபடக் கத்திக்கொண்டே ரம்பத்தைப் பிடுங்கினாள். ரீஷாத்துக்கு வீடு நிலைத்தது.

நராம்தனிக்குத்தான் நிம்மதி போயிற்று. விடிந்து கண் விழித்ததும் முற்றத்தைப் பார்ப்பாள். வெயில் தெரியும். அழுவாள். "இன்னும் எடுக்கலையேக்கா. நம்ம தந்திரம் பிடிக்காம சாமி என் கண்ணை விட்டுட்டுப் புள்ளகிட்டப் போயிட்டாருன்னா?" ரீஷாத்துக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தால் மாரில் அடித்துக்கொள்வாள். போய்ப் பார்க்க வழியில்லை. காரணம் சொல்லி அழவும் வழியில்லை. இப்படியே தலை நரைத்தது.

கடைசியில் கண்ணில் புகை படர்ந்தது.

"வயசுடி" என்றேன்.

"வயசில்லக்கா. எடுத்துக்கிட்டார்" என்று சிரித்தாள், பாவி. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன திருநாளுக்கு ரீஷாத் தன் தலைச்சன் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். நராம்தனி விரலால் நெற்றியைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், தாடையைத் தடவினாள்.

"யாரு மாதிரி இருக்கான்க்கா?"

அப்பட்டமாக நராம்தனியின் மூக்கு. ரீஷாத் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"லமாசி மாதிரி" என்றேன்.