மாலையோடு வந்தவரின் உதட்டுக் கொப்புளம்

எல்லைப் போராட்டத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் மேல் ஊர்வலம். எங்கள் வீட்டு ஆண்களில் பாதிப் பேர் ஊர்வலத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு இருப்பார்கள். நான் திருப்புறத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த அமளிக்கு நடுவில் நானும் ஒரு போராட்டம் நடத்தி ஜெயித்தேன். அதற்கு யாரும் மாலை போடவில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் அவளுக்குக் கடும் காய்ச்சல். ஈறு சிவந்து வீங்கி, வாய் நிறையப் புண். ஒரு வாய்த் தண்ணீர் இறங்காமல் தவித்து, எப்படியோ தேறினாள். அதன் பிறகு காய்ச்சல் வந்தாலும் சரி, வெயிலில் அலைந்தாலும் சரி, கீழுதட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும். பல்லி மூத்திரம் பட்டுவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஒரு தடவை என் நாத்தனார் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அப்பிவிட்டார். உதடு வெந்து பிள்ளை கதறினாள். அப்படியே தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. பாவம், பல்லியை விட்டுவிடுங்கள் என்று சிரித்தார். கொப்புளம் உள்ள யாரோ குழந்தையை முத்தமிட்டதில் ஒட்டிக்கொண்ட கிருமி இது, உடம்புக்குள்ளேயே தூங்கும், காய்ச்சலோ வெயிலோ எழுப்பிவிட்டால் மறுபடி வரும், தானாகவே காய்ந்தும் போகும் என்றார். ஈரத்துணியால் ஒற்றி, வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவினால் போதுமாம். பொருக்கைக் கிள்ளக் கூடாது, தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கவே கூடாது. டம்ளரும் துண்டும் தனி. கண் பக்கம் வந்தாலோ, பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ உடனே வரச் சொன்னார். கடைசியில்தான் முக்கியமானதைச் சொன்னார். பெரியவர்களுக்கு இது ஒரு வாரத் தொந்தரவு, ஆனால் பிறந்த குழந்தைக்கு ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

நான் கேட்டதைவிட மகள் நன்றாகக் கேட்டிருக்கிறாள். தன் டம்ளருக்குத் தானே ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டாள். வேறு யாராவது அதைத் தொட்டால் தொலைந்தார்கள்.

அவளுக்கு ஆறு வயதானபோது எனக்கு மகன் பிறந்தான். என் கணவரின் அண்ணன் அப்போது போராட்டத்தில் ஜெயிலுக்குப் போயிருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் கையால் சேனை வைக்கிறோமோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள் அல்லவா? அண்ணன் வந்து சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கட்டும், பிள்ளையும் வீரனாக வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவரை விட்டுவிட்டார்கள். ஊரே திரண்டு மாலையும் கோஷமுமாக அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது.

பிரசவ அறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவர் உதட்டில் கொப்புளம், கொத்தாக. எந்த விரலால் சேனை வைக்கப் போகிறாரோ அதே விரலால் அதைத் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் கணவரின் அண்ணன் முன்னால் நின்று நாங்கள் பேச மாட்டோம். என் கணவருக்குச் சைகை காட்டினேன். என் சைகை நன்றாகப் புரிந்துதான் அந்த மனிதர் கூரை ஓட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நாத்தனார் பிள்ளையை வாங்க உள்ளே வந்தார். தர மாட்டேன் என்றேன். நமக்காக அடிபட்டு வந்தவரை வாசலில் வைத்து அவமானப்படுத்துகிறாயா என்று பல்லைக் கடித்தார். நான் பிள்ளையை விடவில்லை. கட்டிலோரம் நின்ற மகளின் காதில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் நேராகப் போய் அறைவாசலில் கையை விரித்து நின்று, அவர் உதட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரியப்பா, ஒங்க சுண்டுல எனக்கு வந்தது மாதிரி வந்திருக்கு. அது காயுத வரைக்கும் தம்பி வாவைய தொடப்பிடாது, உம்மா குடுக்கப்பிடாது."

அவர் உதட்டைத் தடவிய விரல் அப்படியே நின்றது.

"யாருட்டி சொன்னது?"

"டாக்டரம்மையாக்கும். வாவைக்கு வந்தா செத்துப்போவும்."

அவர் மாலையைக் கழற்றினார், குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "அப்பம் நான் என்ன செய்யணும் மக்கா?" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். சொறிந்தால் தெரியும் சேதி என்று மிரட்டினாள். கடைசியில் தன்னுடைய சிவப்பு நூல் டம்ளரிலேயே கருப்புக் காப்பி கொண்டுவந்து, இனி இது உங்களுக்கு என்று கொடுத்துவிட்டாள்.

"ஜெயிலுலகூட இத்தற சட்டம் இல்லட்டி" என்று அவர் சிரித்தார். கூட்டமே சிரித்தது. சேனையை இவள் கையால் வையுங்கள், என்னைவிடத் தைரியக்காரி என்று அவரே சொல்லிவிட்டார். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார். மகள் நன்றாகக் கையைக் கழுவிவிட்டு, என் மோதிரத்தை அதில் தோய்த்துத் தம்பியின் நாக்கில் தொட்டாள். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பொருக்கு உதிர்ந்த பிறகு அவர் மறுபடி வந்தார். உள்ளே விடுவாளா என்று முதலில் மகளைத்தான் கேட்டார். அவள் உதட்டை உற்றுப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

எங்கள் ஊர்கள் கடைசியில் தமிழ்நாட்டோடு சேரவில்லை. அந்த வருத்தம் அவருக்குச் சாகும்வரை இருந்தது. என் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மனதில் பட்டதை யார் முகத்துக்கு நேரேயும் சொல்லிவிடுவான், அப்படியே அக்கா குணம். அவனைக் காப்பாற்ற ஓர் ஆறு வயதுக்காரி வாய் திறந்ததைப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு, நானும் யாரிடமும் கதவுக்குப் பின்னால் நின்று பேசியதில்லை.