செருப்பில்லாமல் தாத்தா எங்கும் போகமாட்டார்

கண், காது, மூக்கு, உதடு, கை என்று ஒவ்வோர் இடமாக எண்ணெய் தொட்டு, லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டே வந்த சாமியார், கடைசியாகக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து தாத்தாவின் பாதங்களில் பூசினார். வெடித்துப்போன அந்தக் குதிகால்கள் பளபளத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவஸ்தை பூசுகிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். பூசினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“தாத்தா சாமிகிட்ட போவப்போறாரு பாப்பா.”

கண்ணுக்கும் காதுக்கும் எதற்குப் பூசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. காலுக்குப் பூசியது மட்டும் உடனே விளங்கிவிட்டது. நெடுந்தூரம் நடக்கவேண்டிய நாட்களில் தாத்தா விடியற்காலையிலேயே காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்வார்.

அவர் செஞ்சிக் கோயிலில் உபதேசியார். சாமியார் வர முடியாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் ஜெபம் சொல்லிக் கொடுப்பார், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வருவார். காலையில் அவலூர்பேட்டைப் பக்கம் கிளம்பினால் மறுநாள்தான் திரும்புவார். எங்கள் தெருவில் செருப்புப் போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் தாத்தா ஒருவர். அவருடைய செருப்பு அடியில் கனத்த தோல் வைத்துத் தைத்தது. வாசலை விட்டு இறங்கும்போது கால் தானாக அதைத் தேடும். அது இல்லாமல் அவர் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போய் நான் பார்த்ததில்லை.

தன் பிள்ளையான என் நைனாவும் உபதேசியார் வேலைக்கே வரவேண்டும் என்று தாத்தா ஆசைப்பட்டார். நைனா விழுப்புரத்தில் ரயில்வேக்குப் போய்விட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. மாதம் ஒருமுறை நைனா வீட்டுக்கு வருவார். “சாப்டாரான்னு கேளு” என்று என்னிடம் சொல்வார். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தாத்தா, “ஆச்சுன்னு சொல்லு” என்பார். நானும் இருவருக்கும் நடுவே நின்று, அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டதையே மறுபடி ஒப்பிப்பேன். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா ஒருத்தி எனக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுடைய மாமா பட்டாளத்தில் சேரக் கிளம்பியபோது, அவர் சட்டையை எடுத்துக்கொண்டுபோய் ராணிக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாறைக்கடியில் வைத்து, பாறையை மூன்று சுற்று சுற்றி, திரும்பிப் பார்க்காமல் வந்தாளாம். மாமா போகவேயில்லை. “கல்லு புடிச்சிக்கினா ஆளு ஊர வுட்டு நவுர முடியாது” என்றாள். சாமியார் படியிறங்கிப் போனதும் நான் தாத்தாவின் செருப்பைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அவள் சொன்ன பாறையைக் கண்டுபிடித்தேன். மூன்று சுற்றுப் போதாதோ என்று ஏழு சுற்று சுற்றினேன்.

அன்றைக்குப் பொழுது தாண்டாது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். தாண்டிவிட்டது. மறுநாளும் தாண்டியது. விழுப்புரத்துக்குத் தந்தி போயிருந்தது. நைனா வேறெங்கோ தண்டவாள வேலையில் இருந்ததால் அது உடனே அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. பார்க்க வந்த பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். “இன்னாத்துக்கோ இழுத்துக்கினு இருக்குது, பாவம்.” அந்தக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையில் எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் நைனா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலருகில் நின்றார். பழக்கதோஷத்தில் நான் நடுவே போய் நின்றேன். யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. தாத்தா கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராகவே கேட்டார்: “வந்துட்டியா? சாப்டியா?”

நைனா “சாப்டேம்பா” என்றார். பொய். முதல்நாள் மாலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்று பிறகு அம்மா சொன்னாள்.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் தாத்தாவின் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நைனா கோயில் வரை போயிருந்தார். தாத்தா கால்களை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு முனகினார். குனிந்து கேட்டேன்.

“பாற சுடுது பாப்பா. நடக்க முடியல. என் செருப்ப எங்க வச்ச?”

செருப்பு எங்கே என்று கேட்கவில்லை, எங்க வச்ச என்றுதான் கேட்டார். கண் மூடியிருந்தது. அவர் கனவில் பேசினாரா, என்னைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து நாளாக அவர் வெறுங்காலோடு வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார், நிற்க வைத்தது நான், என்பது அந்தக் கணத்தில் நெஞ்சில் அறைந்தது. தாத்தாவைத் தனியாக விட்டுவிட்டு ஓடினேன். கோட்டை அடிவாரத்துக் கற்கள் என் உள்ளங்காலைப் பொசுக்கின. பாறைக்கடியிலிருந்து செருப்பை உருவி எடுத்து, ஏறியிருந்த செவ்வெறும்புகளைத் தட்டிவிட்டு, ஏழு சுற்றையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். அழுதுகொண்டே சுற்றியதில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து தாத்தாவின் காலில் மாட்டப் பார்த்தேன். வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. கட்டைவிரல் மட்டும்தான் வாரில் ஏறியது. தாத்தா முனகலை நிறுத்தினார். “ம்... இப்ப சரியா இருக்குது” என்றார். சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது மூச்சு நின்றது.

உடம்பைக் கழுவ வந்தவர்கள், கால்விரலில் மாட்டியிருந்த செருப்பைப் பார்த்து, இதை யார் மாட்டினது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். நைனாதான் தேடி வந்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், பாறை, மந்திரம், சுற்று எல்லாவற்றையும். கடைசியில், “நான்தான் நைனா தாத்தாவ அனுப்பிட்டேன்” என்றேன்.

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மண்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நா வர்ற வரைக்கும் நீதான் புடிச்சி வச்சிருந்தியா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். “அப்டின்னா நீ நல்ல காரியம்தான் பண்ணியிருக்கற. புடிச்சி வைக்கலன்னா அந்தாளு எங்கிட்ட பேசாமயே போயிருப்பாரு.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளை அழுவதை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நான் படித்தேன், பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். கல்லும் செருப்பும் யாரையும் பிடித்து வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சாகப்போகிறவர்களுக்குக் கால் எரிவது உண்டு என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த ஐந்து நாளின் பாரத்தை நான் சுமக்காமல் வளர்ந்ததற்கு அன்று குதிருக்குப் பின்னால் நைனா சொன்ன வார்த்தைதான் காரணம். குழந்தையைத் தேற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நைனா ரயில்வேயில் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்தில் ஒருநாள் அவரிடமே கேட்டேன். “அன்னிக்கி எனக்காவத்தான அப்டி சொன்ன நைனா?”

கையிலிருந்த காப்பியை ஆற்றுவதை அவர் நிறுத்தினார்.

“இல்லம்மா,” என்றார். “எனக்காவத்தான் சொன்னேன்.”