கந்தகத்துக்குப் பூஜ்யம்

நிறம், மணம், கடினத்தன்மை எதைக் கொண்டும் கனிமத்தை அடையாளம் காணலாம் என்பது பிற துறை மாணவர்களுக்கான நிலவியல் செய்முறைத் தேர்வின் விதி. லீவு நாட்களில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வணிகவியல் மாணவி ஒருத்தி மஞ்சள் கல்லை மோந்து பார்த்ததும் கந்தகம் என்று எழுதினாள். காப்பி அடித்தாள் என்று தேர்வாளர் பூஜ்யம் போட்டார்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தரான நான் நீட்டிய மறுமதிப்பீட்டு மனுத்தாளையும் மோந்துவிட்டுத்தான் எழுதினாள். நகமெல்லாம் மஞ்சள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"தெனம் சோத்துக்கையில மணக்குற சாமான் சார். தெரியாமப் போகுமாக்கும்? அவுகள எங்க கம்பெனிக்கு அனுப்பி வைங்க, மோந்து பழகட்டும்."

இந்தத் தாள் தேறினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் வங்கித் தேர்வு எழுதலாம். பல்கலைக்கழகத்துக்கு மனுவை முறைப்படி அனுப்பினேன், நினைவூட்டல் மூன்று. வங்கித் தேர்வு முடிந்தது, அவள் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி வேனில் நிரந்தரமாக ஏறிவிட்டாள். வேன் ஜன்னலில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த முகம் இன்னும் எனக்குப் புரியவில்லை. மதிப்பெண் வழங்கலாம் என்ற பதில் அடுத்த ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி வந்தது.