ஒரே வயரில் இரண்டு வீடு

எங்கள் போடி வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சர், தினமும் போடிமெட்டுக்கு ஜீப்பில் போய்வருவார். ஒல்லியான உடம்பு, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். கதவு திறந்திருந்தாலும் தட்டிவிட்டு வெளியேதான் நிற்பார்.

கரண்டு வயர் வழியாக அறைக்கு அறை நெட் கொடுக்கும் ஜோடிப் பெட்டிகளை, எங்களைப் போலவே அவரும் வாங்கி மாட்டிய அன்று கீழே வந்தார்.

“அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியுது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே வயரு, ரெண்டு பேர் பெட்டியிலயும் கடையிலருந்து வந்த அதே பாஸ்வேர்டு. வெரசா மாத்திருங்க.”

அவர் சொன்னபடி எங்கள் பெட்டிகளின் பட்டனை அமுக்கி, புது பாஸ்வேர்டில் இணைத்தேன். கம்ப்யூட்டரில் என் மனைவியின் புற்றுநோய் ரிப்போர்ட் இருந்தது. யாரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

“எதையும் பாத்தீங்களா டீச்சர்?”

“அக்கா ரிப்போர்ட்டப் பாத்துட்டேண்ணே. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஏன் உண்மையைச் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன்.